பயறு சாப்பிடாமல் தப்பிப்பது எப்படி?

ஒரு நாளைக்கு 85 கிராம். பருப்பு, பயறு, அல்லது அதற்கு ஈடாக முட்டை, மீன், இறைச்சி என்று ஓர் ஆள் இவ்வளவு சாப்பிட வேண்டுமாம். ஐ.சி.எம்.ஆரும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஐக்கிய நாடுகள் சபை இதற்கு முன்பே 2016-ஐப் பயறு ஆண்டு என்று கொண்டாடிவிட்டது. ஆண்டு முடிந்தும் ஆசை தீராமல், பிப்ரவரி 10-ஐ உலகப் பயறு தினமாகவும் ஆக்கிவிட்டது. போதாக்குறைக்கு சர்க்கரை டாக்டர், ஜிம் மாஸ்டர், வாட்ஸப்பில் காலை வணக்கம் அனுப்பும் பெரியப்பா என்று எல்லோரும் ஒரே குரலில் முளைகட்டிய பயறு என்கிறார்கள். இத்தனை பேரை எதிர்த்து ஒரு தனி மனிதன் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம். தமிழ்நாட்டில் பல லட்சம் பேர் ஏற்கெனவே வெற்றிகரமாகச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களது அனுபவ ஞானத்தை ஒழுங்குபடுத்தித் தருவதே இந்தக் கையேட்டின் வேலை.

சிறுநீரகக் கோளாறுக்காக டாக்டரே பருப்பைக் குறைக்கச் சொன்னவர்கள் இதைப் படிக்க வேண்டாம். அவர்களிடம் காரணம் இருக்கிறது. இது காரணம் எதுவும் இல்லாமல், ஆனால் கௌரவமாக, பயறை ஒதுக்க விரும்புகிறவர்களுக்கு.

முழுசாக வந்தால் ஒதுக்கு

மனப்பாடம் செய்ய வேண்டியது ஒரே ஒரு விதி. தோலோடும் முழு உருவோடும் தட்டுக்கு வந்தால் அது பயறு, ஒதுக்கிவிட வேண்டும். அதையே உடைத்து, தோல் நீக்கி, குழைய வேகவைத்து, புளியையும் காயத்தையும் ஊற்றி அடையாளம் தெரியாமல் கொண்டுவந்தால் அது பருப்பு, இன்னொரு கரண்டி கேட்க வேண்டும்.

பச்சைப்பயறைச் சுண்டலாக வைத்தால் முகத்தைச் சுளிக்கிற அதே மனிதர், அதன் தோலை நீக்கி அரிசியோடு குழைத்து மிளகும் நெய்யும் விட்டுக் கொடுத்தால், பொங்கல் என்று பெயர் சொல்லி இரண்டு தட்டு இறக்குகிறார். கறுப்புக் கொண்டைக்கடலை என்றால் ஐயே என்கிற பிள்ளைகள், அதையே உடைத்து மாவாக்கி வாழைக்காயை முக்கிப் பொரித்தால் வாணலியைச் சுற்றி நிற்கிறார்கள். விதை ஒன்றுதான். முகத்தைக் காட்டியதா, மறைத்ததா என்பதுதான் வழக்கு. தெருச் சண்டையில்கூட ‘நீ என்ன பெரிய பருப்பா?’ என்றுதான் கேட்கிறார்கள். பெரிய பயறா என்று யாரையும் யாரும் கேட்டதில்லை.

கல்யாணப் பந்தியைக் கவனித்தால் இந்தப் படிநிலை பளிச்சென்று தெரியும். முதலில் பருப்பும் நெய்யும், பிறகு சாம்பார், ஓரத்தில் உளுந்து வடை, கடைசியில் பாசிப்பருப்புப் பாயசம். இலை முழுக்க இதே குடும்பம்தான், ஆனால் ஒருவர்கூடத் தோலோடு வரவில்லை. அகநானூற்றின் 86-ஆம் பாட்டில் ஒரு கல்யாண வீடு வருகிறது. அங்கேயும் உளுந்து சேர்த்துக் குழைத்த சோறுதான் விருந்து. இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கத்தை நாம் மாற்றத் தேவையில்லை.

வாயு என்னும் கவசம்

‘பிடிக்காது’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். பிடிக்காது என்பவனைத் திருத்தப் பார்ப்பார்கள். ‘எனக்கு வாயு’ என்று சொல்லுங்கள், அதற்கு மேல் யாரும் விசாரிக்க மாட்டார்கள். வயிற்றில் கை வைத்து, பார்வையைக் கொஞ்சம் தாழ்த்திச் சொன்னால் உடனே பலிக்கும். மொச்சை, வாழைக்காய், உருளைக்கிழங்கு மூன்றையும் சேர்த்துக் குற்றம்சாட்டுவது மரபு. பஜ்ஜியாக வரும்போது மட்டும் வாழைக்காயை மன்னித்துவிடலாம், சிப்ஸாக வரும்போது உருளைக்கிழங்கை.

குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. பயறுகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கிற நொதி நம் சிறுகுடலில் கிடையாது. அதனால் அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கின்றன. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் பந்தி போட்டுச் சாப்பிட்டுவிட்டு ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும், சிலர் வயிற்றில் மீத்தேனையும் விடுகின்றன. இவை மூன்றுக்கும் நாற்றமே கிடையாது. சபையில் மானத்தை வாங்குவது, கூடவே துளி அளவில் வரும் கந்தக வாயுக்கள். ஆனாலும் பழி முழுக்கப் பயறுக்குத்தான். இந்த அநியாயம் நமக்குச் சாதகமாக இருப்பதால் கண்டுகொள்ள வேண்டாம்.

ஆனால் வாயுவைப் பராமரிக்க வேண்டும், இல்லையென்றால் அது குறைந்துவிடும். பயறை இரவெல்லாம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் மேலே சொன்ன சர்க்கரைகளில் ஒரு பங்கு சாக்கடைக்குப் போய்விடும். முளைகட்டினால் விதையே அவற்றைத் தின்று தீர்த்துவிடும். ஆகவே ஊறவைக்கவும் கூடாது, முளைகட்டவும் கூடாது. காலையில் நினைத்து, அரை மணி நேரம் வெந்நீரில் போட்டு, நேராகக் குக்கரில் ஏற்றுவதே சிறந்த முறை.

அதைவிட முக்கியம், அடிக்கடி சாப்பிடாமல் இருப்பது. தினம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் வயிறு பழகித் தொலைத்துவிடும். 2011-ல் நியூட்ரிஷன் ஜர்னல் இதழில் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றை வீட்டார் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தினம் அரைக் கோப்பை கொடுத்து வாரக்கணக்கில் கேட்டிருக்கிறார்கள். முதல் வாரத்தில், பின்டோ பீன்ஸ் தின்றவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேர்தான் வாயு கூடியது என்றார்கள். நம் காராமணி வகையைத் தின்றவர்களில் அப்படிச் சொன்னவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. நாள் போகப்போக அந்தப் புகாரும் தேய்ந்துவிட்டது. பயறே கொடுக்கப்படாத குழுவிலும் சிலர் வாயு கூடிவிட்டதாகச் சொன்னார்கள் என்பதுதான் வேடிக்கை. நம் ஆட்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

எனவே முறை இதுதான். வருஷம் முழுக்கத் தொடாமல் இருந்து, ஆயுத பூஜை அன்று ஒரே மூச்சில் மூன்று தொன்னை சுண்டல். அன்று இரவு வயிறு சாட்சி சொல்லும். அடுத்த ஆயுத பூஜை வரை அந்த ஒரு சாட்சியத்தை வைத்தே வழக்கை ஓட்டலாம்.

சமையலறையில் ஒரு எதிரி உண்டு, பெருங்காயம். ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் விளையும் ஒரு செடியின் வேர்ப்பால். இந்தியாவில் அதை நட்டு வளர்த்துப் பார்க்கும் முயற்சியே 2020-ல்தான் இமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் தொடங்கியது. அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு பிசினை வரவழைத்தாவது பருப்புத் தின்றே தீருவது என்று நம் முன்னோர் முடிவுகட்டியிருக்கிறார்கள். இப்படிப்பட்ட முன்னோரை முன்மாதிரியாகக் கொள்ளாதீர்கள்.

முன்மாதிரி வேண்டுமானால் கிரேக்கத்துக்குப் போகலாம். முக்கோணத்துக்குத் தேற்றம் சொன்ன பைதாகரஸ் தம் சீடர்களை பீன்ஸ் பக்கமே போகக் கூடாது என்று தடுத்ததாகப் பழைய நூல்கள் சொல்கின்றன. எதிரிகள் துரத்தியபோது, பீன்ஸ் வயலுக்குள் கால் வைப்பதைவிடச் சாவது மேல் என்று நின்றுவிட்டார் என்று ஒரு கதையும் உண்டு. அவர் தடுத்தது மத்தியதரைக் கடல் பக்கத்து ஃபாவா பீன்ஸை. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு அது ரத்த அணுக்களையே உடைத்துவிடும், அதனால்தான் தடுத்தார் போலும் என்று பின்னால் வந்தவர்கள் ஊகிக்கிறார்கள். நம் தட்டைப்பயறுக்கு அந்தக் கெட்ட பெயர் இல்லை. ஆனால் பந்தியில் பைதாகரஸ் பெயரைச் சொன்னால் எதிரில் இருப்பவர் பள்ளிக்கூட நினைவு வந்து பேச்சை மாற்றிவிடுவார்.

குதிரைக்கும் உங்களுக்கும் உள்ள தூரம்

வாயு செல்லுபடியாகாத இடத்தில் அந்தஸ்தை எடுங்கள். இதற்கு ஏற்றது கொள்ளு. நெல்லை, குமரிப் பக்கம் காணம் என்பார்கள். குதிரைக்கு வைப்பது, உழவு மாட்டுக்கு வைப்பது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கரண்டி பாதியில் நின்றுவிடும். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியும் கைவசம் இருக்கிறது. யாராவது கொள்ளு ரசம் ஊற்ற வந்தால், ‘அப்ப நான் குண்டுன்னு சொல்றியா?’ என்று கேளுங்கள். மனைவி கணவனிடமோ, கணவன் மனைவியிடமோ கேட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் சமையலே நின்றுவிட வாய்ப்புண்டு.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். இரண்டு மழை பெய்தால் போதும், மானாவாரிக் காட்டில், வேறு எதுவும் விளையாத மண்ணில் கொள்ளு விளையும். அதனாலேயே அது இல்லாதவர் வீட்டுச் சாப்பாடாக இருந்தது. காலையும் மாலையும் அதையே தின்று வளர்ந்து, அரிசிச் சோற்றுக்கு ஏறி வந்த ஒரு தலைமுறைக்கு அந்த மணமே பழைய நாளை நினைவூட்டும். ‘அந்தக் கண்ராவியை இனிமே இந்த வீட்ல ஏத்தாதே’ என்று ஒரு தாத்தா சொன்னால், அந்த ஒரு காரணத்தை மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன். அவருடைய பேரன், தாத்தாவின் கதையே தெரியாமல், ‘இட்ஸ் ஹார்ஸ் ஃபீட்’ என்று சொல்லும்போது செய்வேன்.

கொங்குப் பக்கம் போகிறவர்கள் மட்டும் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அங்கே அந்தஸ்துப் பேச்சு எடுபடாது, தோட்டமும் பங்களாவும் உள்ள வீட்டிலேயே கொள்ளு வேகும். வெந்த தண்ணீரை இறுத்து ரசத்துக்கு எடுத்து வைத்துவிடுவார்கள். கொள்ளை மட்டும் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய் சேர்த்து வதக்கி ஆட்டுக்கல்லில் போடுவார்கள். மையாக ஆட்டக் கூடாது. விரலால் எடுத்தால் தோல் சிறு துணுக்குகளாகத் தெரிய வேண்டும், பூண்டு மட்டும் கரைந்து போயிருக்க வேண்டும். ஆவி பறக்கிற சோற்றில் குழி பறித்து அதை வைத்து மேலே நல்லெண்ணெய் விட்டதும், மழை விழுந்த செம்மண் காட்டு வாசம் ஒன்று எழும்பும். அந்த நேரத்தில் மூச்சை அடக்கிக்கொள்வது நல்லது. அங்கே நடக்கப் போகும் உரையாடலுக்கும் தயாராக இருங்கள்:

‘ஒரு வாய் தின்னு பாரு கண்ணு, சளிக்கு நல்லது.’

‘இல்லீங்க அம்மிச்சி, எனக்கு ஒத்துக்காதுங்க.’

‘தின்னாத்தான சாமி ஒத்துக்குதா இல்லியான்னு தெரியும். கைய எடு, போடறேன்.’

இதற்குப் பதில் எந்தக் கையேட்டிலும் கிடையாது.

அந்தஸ்துக் காரணத்தில் ஒரு பலவீனம் உண்டு, பயறுகள் வெளிநாடு போய்ப் பெயர் மாற்றிக்கொண்டு திரும்புகின்றன. வெள்ளைக் கொண்டைக்கடலையை எள்ளோடு அரைத்து ஆலிவ் எண்ணெய் ஊற்றி ஹம்மஸ் என்று வைத்தால், சுண்டல் வேண்டாம் என்றவர்களே கிண்ணத்தை வழிக்கிறார்கள். மெரினாவில் தேங்காய் மாங்காயோடு விற்கிற காய்ந்த பட்டாணி இருக்கிறதே, அந்தப் பட்டாணிச் சாதியின் புரதத்தைப் பிரித்தெடுத்துத்தான் பீ புரோட்டீன் என்று டப்பாவில் அடைக்கிறார்கள். டப்பாவின் விலைக்குக் கடற்கரையில் ஒரு தெருவுக்கே சுண்டல் வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் அதில் பயறு கண்ணுக்குத் தெரியாது. நம் விதிப்படி அது பயறே அல்ல. தாராளமாகக் குடியுங்கள்.

வேகவிடாமல் பார்த்துக்கொள்ளும் கலை

சில வீடுகளில் வாயையும் கேட்க மாட்டார்கள், வயிற்றையும் கேட்க மாட்டார்கள், சமைத்து வைத்துவிடுவார்கள். அப்போது சமையலிலேயே தலையிட வேண்டும். ‘உன் பருப்பு இங்கே வேகாது’ என்று சொல்வதோடு நில்லாமல் நிஜமாகவே வேகாமல் செய்ய வழி இருக்கிறது.

பயறு வாங்கும் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். கடையில் அடி மூட்டையில் கிடக்கும் பழைய சரக்காகப் பார்த்து வாங்கி, அடுப்புக்கு மேல் அலமாரியில், சூடும் ஈரமும் படுகிற இடத்தில் மாதக்கணக்கில் வையுங்கள். அப்படிக் கிடந்த பயறு எத்தனை விசில் விட்டாலும் கல்லாகவே இருக்கும். வேகவைக்க போர்த் தண்ணீர் உத்தமம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பயறின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினை இறுக்கிவிடும். புளியை ஆரம்பத்திலேயே ஊற்றச் சொல்லுங்கள், புளிப்பும் அதே வேலையைச் செய்யும். வெந்த பிறகுதான் புளி என்று பாட்டிமார்கள் அடித்துக்கொள்வது இதனால்தான். ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டால் எல்லாம் கெட்டது, பயறு குழைந்துவிடும். சோடா டப்பாவை ஒளித்து வையுங்கள்.

ராஜ்மா விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம், இதை நேராகவே சொல்கிறேன். சிவப்பு ராஜ்மாவில் உள்ள ஒரு புரதம், அரைவேக்காட்டில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொண்டுவரும். நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் கொதிக்கக் கொதிக்க வேகவைத்தால் ஆபத்தில்லை. இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் வைக்கிற மின்சாரப் பாத்திரங்களில் அப்படியே போடக் கூடாது.

வண்டையும் மறந்துவிடக் கூடாது. பயற்று வண்டு நம் இயக்கத்தின் உண்மைத் தொண்டன். டப்பாவைத் திறந்ததும் துளை துளையாகப் பயறும் மேலே ஓடும் வண்டும் தெரிந்தால், எந்த அம்மாவும் அன்றைக்குச் சுண்டல் யோசனையைக் கைவிடுவாள். கிராமத்தில் இந்தத் தொண்டனுக்கும் வழி அடைத்துவிட்டார்கள். துவரையை ஊறவைத்து, செம்மண் குழம்பில் புரட்டி, வெயிலில் காயவைத்து, பிறகு திருகையில் உடைத்தார்கள். செம்மண் கட்டிய பருப்பு என்று அதற்குத் தனி விலை, தனி ருசி. நீங்கள் பாலித்தீன் பையிலேயே வாங்குங்கள்.

சாமி வழியாக வரும் பயறு

டாக்டரை மறுக்கலாம், அம்மாவை மறுக்கலாம். நவக்கிரகத்தை எப்படி மறுப்பது? அந்த ஒன்பது பேரின் தானியப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். செவ்வாய்க்குத் துவரை, புதனுக்குப் பச்சைப்பயறு, குருவுக்குக் கொண்டைக்கடலை, சுக்கிரனுக்கு மொச்சை, ராகுவுக்கு உளுந்து, கேதுவுக்குக் கொள்ளு. ஒன்பதில் ஆறு பயறு! கோதுமையும் நெல்லும் எள்ளும் ஏதோ இடம் காலியாக இருந்ததால் சேர்ந்த மாதிரி இருக்கிறது. வியாழக்கிழமை குரு சன்னதியில் கொண்டைக்கடலையை நூலில் கோத்து மாலையாகவே போடுகிறார்கள். ஊட்டச்சத்து நிறுவனம் எத்தனை வழிகாட்டி போட்டாலும் இந்த விநியோக வலைப்பின்னலை எட்ட முடியாது. குருப்பெயர்ச்சி அன்று ஆலங்குடியில் எவ்வளவு கடலை போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நவராத்திரியோ ஒன்பது நாள் முற்றுகை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சுண்டல், ஒவ்வொரு வீட்டில். ‘வாயு’ என்றால், ‘பிரசாதம்டீ, ஒண்ணும் பண்ணாது’ என்று மாமி தொன்னையைக் கையில் திணித்துவிடுவாள். கொலு வீட்டில் பாடத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதீர்கள், பாடினால் இரண்டு தொன்னை. மிக்ஸ்ட் சுண்டல் வந்தால் தேங்காய்த் துருவலையும் மாங்காய்ப் பல்லையும் கறிவேப்பிலையையும் மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு, மீதியைக் குழந்தைகளிடம் தள்ளிவிடலாம். குழந்தைகளும் இந்தக் கையேட்டைப் படித்திருந்தால் என் பொறுப்பல்ல.

பக்தியையே கேடயமாகத் திருப்பவும் முடியும். திவசச் சமையலில் பல வீடுகளில் துவரம்பருப்பு சேர்ப்பதில்லை, பாசிப்பருப்புதான். வங்காளத்தில் ஆசாரமான குடும்பங்கள் விதவைகளுக்கு மைசூர்ப் பருப்பை மறுத்தன. மீனும் மாமிசமும் போல அதுவும் உடம்பைத் தூண்டும் என்று ஒரு நம்பிக்கை. ஒரு பருப்புக்கு இத்தனை சக்தி இருப்பதாக நம்பியவர்கள், அதை யாருக்கு மறுக்க வேண்டும் என்பதில் மட்டும் தெளிவாக இருந்திருக்கிறார்கள். இந்த உதாரணத்தை நீங்கள் பயன்படுத்த வேண்டாம், நம் இயக்கத்துக்கு அவ்வளவு கெட்ட சகவாசம் தேவையில்லை.

நாடே உங்கள் பக்கம்

தனியாக இருக்கிறோமே என்று கலங்க வேண்டாம். 1951-ல் இந்தியாவில் தலைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 61 கிராம் பருப்பும் பயறும் கிடைத்தன. 2001-ல் அது 30 கிராம். ஐம்பது ஆண்டுகளில் சரிபாதி! பசுமைப் புரட்சி நெல்லுக்கும் கோதுமைக்கும் வாய்க்கால் தண்ணீர், உரம், கொள்முதல் நிலையம் எல்லாம் கொடுத்தது. பயறை மானாவாரி மேட்டுக்குத் தள்ளிவிட்டது. விளைச்சல் நின்ற இடத்தில் நிற்க, மக்கள்தொகை ஓடியது. பிறகு கொஞ்சம் மீண்டிருக்கிறது. ஆனால் உலகிலேயே அதிகம் விளைவிப்பதும் நாம், அதிகம் தின்பதும் நாம், அப்படியும் போதாமல் அதிகம் இறக்குமதி செய்வதும் நாம். துவரை மொசாம்பிக்கிலிருந்தும், உளுந்து மியான்மரிலிருந்தும், மஞ்சள் பட்டாணி கனடாவிலிருந்தும் கப்பல் ஏறி வருகின்றன.

2015-ல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது நம் இயக்கத்தில் புது உறுப்பினர்கள் குவிந்தார்கள். ஆனால் அவர்கள் நிரந்தர உறுப்பினர்கள் அல்ல, விலை இறங்கியதும் சாம்பாருக்கே திரும்பிவிட்டார்கள். ரேஷன் கடை வேறு நமக்கு எதிராக வேலை செய்கிறது. 2007-ல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு கிடைக்கிறது. இந்த மாதம் பருப்பு வந்துவிட்டது என்று தெருவில் ஒரு குரல் கேட்டால் கார்டை எடுத்துக்கொண்டு ஓடுகிறவர்களைப் பாருங்கள். முழுப் பயறு போட்டால் இந்த ஓட்டம் இருக்குமா என்பது என் சந்தேகம்.

வயலும் நம் கட்சி இல்லை. காவிரி டெல்டாவில் தை மாதம், நெல் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, நிற்கிற பயிருக்குள் உளுந்தையும் பச்சைப்பயறையும் விதைத்துவிடுகிறார்கள். நெல்லை அறுத்த பின், மிச்ச ஈரத்திலும் பனியிலும் அது வளர்ந்து நிற்கும். வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குக் கொடுத்துவிடும். இதற்கென்றே புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனில் ஓர் ஆராய்ச்சி மையம் வைத்து ரகம் ரகமாக வெளியிடுகிறார்கள். மண்ணுக்கு வாயுத் தொல்லை கிடையாது.

மார்கழிப் பொறி

எல்லாத் தடையையும் தாண்டியவர்கள் ஒரே இடத்தில்தான் விழுவார்கள், வேலூர், திருப்பத்தூர், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பிதுக்கம்பருப்பு. மார்கழி, தையில் பச்சை மொச்சை வரத்து அதிகம். உரித்து, ஊறவைத்து, மறுநாள் வாசலில் முறத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள். மொச்சையின் முதுகைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஓர் அழுத்து. தோல் விரலில் தங்கிவிடும், பருப்பு வழுக்கிக்கொண்டு கிண்ணத்துக்குள் குதிக்கும். சில சமயம் குறி தவறி எதிரில் இருப்பவர் மடியில் விழும். விரல் நுனி ஊறிச் சுருங்கும் வரை அந்த வேலை நடக்கும், அதற்குள் ஊர்க் கதை பாதி முடிந்திருக்கும். பிறகு அதைக் கத்தரிக்காயோடு காரக் குழம்பு வைத்துக் களியோடு கொடுப்பார்கள்.

கவனித்தீர்களா? தோலை நீக்கிவிட்டார்கள். நம் அடிப்படை விதிப்படி இது பயறு அல்ல, பருப்பு. அதனால் மறுக்கவும் வழி இல்லை. அந்த இரண்டு மாதங்கள் அந்த மாவட்டங்களுக்குள் போகாமல் இருப்பது ஒன்றே பாதுகாப்பு.

பயறற்ற ஒரு நாள்: மாதிரிப் பட்டியல்

சுத்தமாக விட்டுவிட வேண்டும், மறைமுகமாகக்கூட உள்ளே போகக் கூடாது என்கிற தீவிரவாதிகளுக்காக இது.

காலை: இட்லி, தோசை கூடாது, உளுந்து. பொங்கல் கூடாது. வடை கேட்கவே வேண்டாம். அடை என்பது பருப்புகளின் பொதுக்குழு. ரவை உப்புமா சாப்பிடலாமே என்றால் தாளிப்பில் கடலைப்பருப்பு கிடக்கும். இடியாப்பம் தப்பித்தது, ஆனால் கூட வரும் தேங்காய்ச் சட்னியில் பொட்டுக்கடலை. பிரெட்டும் ஜாமும் வைத்துக்கொள்ளுங்கள்.

மதியம்: சாம்பார் இல்லை. ரசத்தில் பருப்புத் தண்ணீர் கலந்திருக்கும், இல்லையென்றால் ரசப்பொடியில் துவரம்பருப்பு. கூட்டு, பருப்பு உசிலி, கீரைக் கடைசல் மூன்றும் நேரடிக் குற்றவாளிகள். வத்தக்குழம்பு என்று சந்தோஷப்படாதீர்கள், வறுத்து அரைத்த பொடியில் கடலைப்பருப்பு இருக்கும். துவையலில் உளுந்து. அப்பளமே உளுந்து மாவு. மீன் குழம்பு, கறிக் குழம்பு பெரும்பாலும் பாதுகாப்பானவை. சைவர்கள் பாவம்.

மாலை: முறுக்கில் உளுந்து. பஜ்ஜி, போண்டா, பக்கோடா, மிக்சர், காராச்சேவு எல்லாம் கடலைமாவு. இனிப்பாக ஏதாவது என்றால் லட்டும் மைசூர்பாகும் அதே மாவு, ஜாங்கிரி உளுந்து. டீ குடிக்கலாம், வெறும் டீ.

இரவுக்குத் தயிர்சாதம். இதில் ஆபத்து இல்லை என்று நம்பிக் கடுகு தாளிக்கப் போனால், தமிழ்நாட்டு அஞ்சறைப் பெட்டிகள் பலவற்றில் கடுகையும் உடைத்த உளுந்தையும் ஒரே கிண்ணத்தில் கலந்துதான் போட்டு வைத்திருக்கிறார்கள். மளிகைக் கடையிலேயே அப்படிக் கலந்து பாக்கெட் போட்டும் விற்கிறார்கள். கிண்ணத்தை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜன்னல் ஓரமாக உட்காருங்கள். கறுப்பு இந்தப் பக்கம், வெள்ளை அந்தப் பக்கம். மத்தியானமே ஆரம்பித்தால் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிடும்.